கதவுத் தூணில் ஒட்டிய எண்ணுக்குள் ஒரு டிரெய்லர்: ஹாஃப்-டன் பிக்கப்பில் எடைக்கணக்கும் இழுவை அப்கிரேடுகளும்

அமெரிக்காவில் ஹாஃப்-டன் பிக்கப், அதாவது முழு அளவு பிக்கப்புகளில் இலேசான வகை, விற்கும்போது விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற எண் இழுவைத் திறன். 10,000, 11,000 பவுண்டு என்று இருக்கும். உள்ளே தங்கும் வசதியுள்ள 26 அடி டிராவல் டிரெய்லரைப் பின்னால் மாட்டிக் குடும்பத்தோடு மலையேறப் போகிறவருக்கு வேண்டிய எண் வேறு இடத்தில் இருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு டயர் ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அதுதான் பேலோடு. இழுவைத் திறனில் பாதி மிச்சம் இருக்கும்போதே பேலோடு தீர்ந்துபோவது ஹாஃப்-டன் வண்டிகளில் வெகு சாதாரணம்.

காரணம், இழுவைத் திறனைக் கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது. எஸ்ஏஇ ஜே2807 என்ற தரநிலைப்படி சோதிக்கும்போது வண்டியில் இருப்பதாக வைத்துக்கொள்வது தலா 150 பவுண்டுள்ள இரண்டே பேர். பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, பெட்டில், அதாவது பின்பக்கத் திறந்த தொட்டியில், சாமான் இல்லை. டிரெய்லரின் முன்முனை வண்டியின் மேல் அழுத்தும் எடையான டங் எடையும் டிரெய்லர் எடையில் வெறும் 10 சதவீதம். அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கத்து ஏற்றத்தில் ஏசி ஓட, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும் என்பது அந்தச் சோதனையின் ஒரு பகுதி. 2011 மாடல் வண்டிகளில் டொயோட்டா முதலில் இதை ஏற்றது. மற்ற கம்பெனிகள் பின்னால் வந்தன. எஞ்சினும் குளிர்விப்பும் எவ்வளவு தாங்கும் என்று அறிய இது நல்ல சோதனைதான். பின் ஸ்பிரிங் மேல் உங்கள் குடும்பம் ஏறிய பிறகு என்ன மிஞ்சும் என்பதை அது சொல்லாது.

முதலில் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மஞ்சள் ஸ்டிக்கரில் பேலோடு. அதே தூணில் இன்னொரு ஸ்டிக்கரில் வண்டியின் மொத்த எடை வரம்பான ஜிவிடபிள்யூஆர். அதற்குப் பக்கத்திலேயே முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுக்கும் தனித்தனி வரம்பு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த வரம்பு தூணில் இருக்காது, கம்பெனியின் இழுவைக் கையேட்டில் எஞ்சினையும் ஆக்சில் விகிதத்தையும் வைத்துத் தேட வேண்டும். கடைசியாக, பம்பருக்குக் கீழே குனிந்து, ஹிட்ச் என்ற இணைப்புப் பாகத்தைச் செருகும் குழாயான ரிசீவரில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படியுங்கள். பல வண்டிகளில் அதில் இரண்டு வரி இருக்கும். வெறும் இணைப்புப் பந்தில் மாட்டினால் 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு டங் எடை. எடை பகிரும் ஹிட்சோடு (வளையும் கம்பிகளால் டங் எடையில் ஒரு பகுதியை முன் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளுவது) மாட்டினால் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்தச் சிறிய ஸ்டிக்கர்தான் பெரிய டிரெய்லருக்கு எடை பகிரும் ஹிட்ச் கட்டாயமா இல்லையா என்பதைச் சொல்கிறது.

மஞ்சள் ஸ்டிக்கரிலும் ஒரு ஓட்டை உண்டு. வண்டி முதல் விற்பனைக்கு முன் டீலர் கூடுதலாக எதையாவது பொருத்தினால், அந்த எடை 100 பவுண்டு அல்லது ஜிவிடபிள்யூஆரில் 1.5 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டினால்தான் ஸ்டிக்கரைத் திருத்த வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதற்குக் கீழே எவ்வளவு சேர்ந்தாலும் ஸ்டிக்கரில் வராது. விற்ற பிறகு நீங்கள் பூட்டியதும் வராது. ஆகவே ஸ்டிக்கர் எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, முடிவை எடைமேடையில்தான் எடுக்க வேண்டும்.

தாளில் கணக்கு

புரிவதற்காக ஓர் உதாரணச் செட்டை எடுத்துக்கொள்வோம். நாலு கதவு, 4x4 ஹாஃப்-டன். ஜிவிடபிள்யூஆர் 7,050 பவுண்டு, பின் ஆக்சில் வரம்பு 4,050, ஸ்டிக்கர் பேலோடு 1,560. டிரெய்லர் காலியாக 5,400 பவுண்டு, அதன் காலி டங் எடை 560 என்று பிரௌஷர் சொல்கிறது.

பிரௌஷரை நம்பிக் கணக்குப் போட்டால் எல்லாம் சௌகரியமாகத் தெரியும். பெரியவர்கள் இருவரும் பிள்ளைகள் இருவருமாக 465, டங் எடை 560, மொத்தம் 1,025. இன்னும் 535 மிச்சம்.

உண்மையில் அந்த டங் மேல் இரண்டு 20 பவுண்டு புரொபேன் சிலிண்டர் உட்காரும். நிரம்பிய சிலிண்டர் ஒவ்வொன்றும் 37 பவுண்டு வரும். அதன் பின்னால் இரண்டு லெட்-ஆசிட் பேட்டரி. முன்பக்கச் சாமான் அறையில் குழாய், நாற்காலி, கட்டைகள். பயணத்துக்குத் தயாரான டிரெய்லர் 6,500 பவுண்டு, டங் எடை 840 என்று வந்தால் அது வழக்கமான அளவுதான். 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பிரௌஷரின் காலி டங் எடையை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். வாங்கும் முன் கணக்குப் போடுவதானால் டிரெய்லரின் ஜிவிடபிள்யூஆரில் 13 சதவீதம் வையுங்கள், பெரும்பாலும் ஏமாற்றாது.

இப்போது மறுபடி கூட்டுவோம். ஆட்கள் 465. பெட் மூடி 60, டூல்பை 40, சக்கரக் கட்டையும் லெவல் பலகைகளும் 30, தரை விரிப்பும் பெட் விரிப்பும் 40. டீலர் பூட்டிய பக்கப் படி 40. எடை பகிரும் ஹிட்ச் 95. டங் எடை 840. மொத்தம் 1,610. ஸ்டிக்கரை 50 பவுண்டு தாண்டியாகிவிட்டது. பெட்டில் இன்னும் ஐஸ்பெட்டிகூட ஏறவில்லை.

எடைமேடையில் மூன்று சுற்று

நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடை இந்த வேலைக்கே அமைந்ததுபோல் இருக்கும். மேடை மூன்று துண்டாக இருப்பதால் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில்கள் மூன்றும் தனித்தனியாகச் சீட்டில் வரும். முன் சக்கரம் முதல் துண்டிலும் பின் சக்கரம் இரண்டாவதிலும் டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்துங்கள். ஒரே நாளில் திரும்ப எடை போட்டால் கட்டணம் குறைவு. டீசல் டேங்கர்கள் வரிசையில் நிற்காத அதிகாலையில் போனால் அவசரமில்லாமல் செய்யலாம்.

டேங்க் நிறைய பெட்ரோல், எல்லாரும் அவரவர் சீட்டில், சாமான் அத்தனையும் ஏற்றிய நிலையில் மூன்று முறை எடை போட வேண்டும். முதலில் எடை பகிரும் கம்பிகளை மாட்டி. அடுத்து, கம்பிகளைக் கழற்றி, டிரெய்லர் பந்தில் மட்டும் உட்கார்ந்திருக்க. கடைசியாக டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டி தனியாக. கடைசிச் சுற்றில் ஹிட்ச் தலை ரிசீவரில் இருக்கட்டும், கம்பிகள் பெட்டில் கிடக்கட்டும். இல்லாவிட்டால் 95 பவுண்டு கணக்கிலிருந்து நழுவி டங் எடையாகத் தெரியும்.

உதாரண வண்டிக்கு மூன்று சீட்டும் இப்படி வரும்:

வண்டி தனியாக: முன் 3,340, பின் 2,920, கூட்டல் 6,260.
கம்பி இல்லாமல் டிரெய்லரோடு: முன் 2,980, பின் 4,120, கூட்டல் 7,100, டிரெய்லர் ஆக்சில் 5,660.
கம்பி போட்டு: முன் 3,160, பின் 3,840, கூட்டல் 7,000, டிரெய்லர் ஆக்சில் 5,760.

இரண்டாவது கூட்டலிலிருந்து முதலாவதைக் கழித்தால் 840. அதுதான் உண்மையான டங் எடை. பின் ஆக்சிலில் ஏறியதோ 1,200. பந்து பின் ஆக்சிலுக்கு ஐந்தடி பின்னால் இருப்பதால் சீசாப் பலகையைப் போல அது முன்பக்கத்தைத் தூக்குகிறது. முன் சக்கரத்திலிருந்து 360 பவுண்டு கழன்று பின்னால் போய்விட்டது. ஸ்டியரிங் லேசாகிப் போவதும், ஹெட்லைட் மரக்கிளையை நோக்குவதும், மழையில் முன் சக்கரம் பிடி விடுவதும் இந்த 360 பவுண்டால். இந்த நிலையில் பின் ஆக்சில் வரம்பு 70 பவுண்டும், மொத்த வரம்பு 50 பவுண்டும் மீறியிருக்கிறது.

கம்பி போட்ட சீட்டைப் பாருங்கள். முன்னுக்கு 180 திரும்பியது, டிரெய்லர் ஆக்சிலுக்கு 100 போனது, பின் ஆக்சில் 280 இறங்கியது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்தக் கூட்டல் இந்த இரண்டு சுற்றிலும் 12,760தான். எடை எங்கேயும் மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இந்த 100 பவுண்டுதான் எடை பகிரும் ஹிட்ச் பேலோடில் தரும் உண்மையான சலுகை. அதன் சொந்த எடையான 95ஐ அதிலிருந்து கழித்தால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அந்த ஹிட்சின் மதிப்பு பேலோடில் இல்லை. முன் ஆக்சிலுக்குத் திரும்பிய 180இலும் பின் ஆக்சிலில் கிடைத்த 210 பவுண்டு இடைவெளியிலும் இருக்கிறது.

எடை பகிரும் ஹிட்சைச் சரியாக அமைப்பது

அப்கிரேடுகளில் முதல் பணமும் அதிக நேரமும் போக வேண்டிய இடம் இது. ஈக்வலைசர், புளூ ஆக்ஸ், ரீஸ், ஹஸ்கி என்று பல உண்டு. எதை வாங்கினாலும் கம்பியின் அளவை உண்மையான டங் எடைக்கு ஏற்ப எடுக்க வேண்டும். அதோடு பெட்டில் பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் சாமானையும் கூட்டிக்கொள்ளச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. 840 பவுண்டுக்கு 1,000 பவுண்டு கம்பி பொருந்தும். 600 போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் முன்பக்கம் திரும்பாது. 1,400 போட்டால் ஒவ்வொரு குழியிலும் டிரெய்லரின் முன் சட்டத்துக்கு அடி விழும்.

சமதளமான இடம் வேண்டும். டிரெய்லரைக் கழற்றிய நிலையில் லெவலாக நிறுத்தி, தரையிலிருந்து கப்ளர் (பந்தின் மேல் கவிழும் டிரெய்லர் முனை) உள்பக்க மேல்விளிம்பு வரை அளக்கவும். பந்தின் உச்சி அதைவிட அரை முதல் ஓர் அங்குலம் உயரமாக இருக்கும்படி, ரிசீவருக்குள் போகும் ஷாங்கில் ஹிட்ச் தலையைப் பூட்ட வேண்டும். டிரெய்லர் ஏறியதும் வண்டி அமுங்கும் அளவு அது. இந்த எடையுள்ள டிரெய்லர்களுக்குப் பந்து 2-5/16 அங்குலம். 1¼ அங்குலத் தண்டுள்ள பந்துக்கு 400 அடி-பவுண்டுக்கு மேல் முறுக்கு கேட்பார்கள். வீட்டில் இருக்கும் அரை அங்குல டார்க் ரெஞ்ச் அதற்குப் போதாது. முக்கால் அங்குல ரெஞ்ச் உள்ள லாரிப் பட்டறையில் ஐந்து நிமிட வேலை. பந்து தளர்வாக இருந்தால் வண்டி ஓடும்போது நட்டு மெதுவாகக் கழன்று வருவதை ஓட்டுபவரால் உணர முடியாது என்பதால் இதில் சமரசம் வேண்டாம்.

அடுத்து முன் ஃபெண்டர் உயரம். சக்கர மையத்துக்கு நேர் மேலே ஃபெண்டர் விளிம்பில் சிறு துண்டு டேப் ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியிலிருந்து தரைக்கு அளக்க வேண்டும். டிரெய்லர் இல்லாமல் 38 அங்குலம், கம்பி இல்லாமல் மாட்டியதும் 39 என்றால் ஓர் அங்குலம் தூக்கியிருக்கிறது. கம்பியை இறுக்கியதும் 38½க்கு வந்தால் பாதி திரும்பியது என்று பொருள். முன்பெல்லாம் முழுவதும் 38க்கே கொண்டுவரச் சொல்வார்கள். இப்போது ஃபோர்டு உட்படப் பலரும் பாதி போதும் என்கிறார்கள். முன்பக்கத்தை அதிகம் அழுத்தினால் பின் சக்கரத்தின் பிடி குறையும். வளைவில் வேகமாகத் திரும்ப நேரும்போது வண்டியின் பின்பக்கம் வெளியே சறுக்க அது இடம் கொடுக்கும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே இறுதி. ஆரம்ப உயரத்துக்கும் கீழே ஒருபோதும் போகக் கூடாது.

அளவு வரவில்லை என்றால் மாற்ற இரண்டு இடம் உண்டு. ஒன்று தலையின் சாய்வு: ஸ்பேசர் வாஷர் ஒன்றைக் கூட்டினால் கம்பியின் பின்முனை இறங்கும், மாட்டும்போது அதிகம் வளையும், அதிக எடை நகரும். மற்றது டிரெய்லர் சட்டத்தில் இருக்கும் எல்-பிராக்கெட்டின் உயரம் அல்லது சங்கிலிக் கண்ணிகளின் எண்ணிக்கை. பிராக்கெட்டை ஏற்றி ஏற்றியே சரிசெய்யப் பார்ப்பவர்கள் ஒரு கட்டத்தில் கம்பியை மாட்டவே முடியாமல் நிற்பார்கள். பெரிய மாற்றத்துக்கு வாஷர், சிறிய மாற்றத்துக்கு பிராக்கெட் என்று வைத்துக்கொண்டால் அலையாமல் முடியும்.

கம்பியை மாட்டும்போது கையால் நெம்புகோல் போட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கப்ளரைப் பூட்டி, டங் ஜாக்கால் டிரெய்லரோடு வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துச் சில அங்குலம் தூக்குங்கள். கம்பிகள் லேசாக வந்து உட்காரும். கழற்றும்போதும் அதே வழி. இறுக்கத்தில் இருக்கும் கம்பி தெறித்தால் முழங்கால் எலும்பை உடைக்கும். முகத்தையும் காலையும் அதன் பாதையிலிருந்து விலக்கி வைத்தே வேலை செய்ய வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் உயரம் தானாகச் சரியாகிவிடும் என்பதால் இந்த அளவெல்லாம் பொய்யாகும். கையேட்டில் சொன்னபடி அந்தத் தானியங்கியை நிறுத்திவிட்டு அளந்து, எல்லாம் முடிந்த பிறகு மறுபடி இயக்க வேண்டும்.

ஒவ்வொரு அப்கிரேடுக்கும் அதன் எடை

பூட்டுகிற எதுவும் ஜிவிடபிள்யூஆரைக் கூட்டாது. அமெரிக்காவில் அந்த எண் வண்டி தயாரித்தவர் சான்று கொடுத்த எண். சட்டமும் பிரேக்கும் ஆக்சிலும் சக்கர பேரிங்கும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் சான்று பெற்ற கிட் போட்டு மொத்த எடை வரம்பையே சட்டப்படி உயர்த்தும் வழி இருக்கிறது. அங்கே எழுதியதைப் படித்துவிட்டு அமெரிக்காவிலும் ஸ்பிரிங் மாற்றினால் வரம்பு ஏறும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஏறாது. கூடுதல் பாகத்தின் எடை பேலோடிலிருந்து கழியத்தான் செய்யும். ஆகவே எந்த அப்கிரேடையும் இரண்டு கேள்வி கேட்டு வாங்க வேண்டும்: எந்தக் குறையைத் தீர்க்கிறது, எத்தனை பவுண்டு தின்கிறது.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பூட்டும் காற்றுப் பலூனான ஏர்பேக் இதில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. 5,000 பவுண்டு என்று பெட்டியில் எழுதியிருப்பது பலூன் தாங்கும் அளவு. ஆக்சில் தாங்கும் அளவு பழையபடியேதான். கிட் ஒரு 25 பவுண்டு வரும். பின்பக்கம் தொய்வதை நிமிர்த்தும், பட்டை ஸ்பிரிங் முட்டுக்கட்டையில் இடிப்பதைத் தடுக்கும். முன் சக்கரத்துக்கு எடையைத் திருப்பித் தராது. எடை பகிரும் ஹிட்ச் செய்ய வேண்டியதைக் காற்றால் செய்ய முயன்றால், வண்டி பார்க்க நேராக நிற்கும், ஸ்டியரிங் அப்போதும் லேசாகவே இருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் வரிசை முக்கியம். பலூனில் கம்பெனி சொல்லும் குறைந்தபட்சக் காற்று, பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ, வைத்து ஹிட்சை முழுவதும் அமைத்து முடியுங்கள். பிறகு தேவைப்பட்டால் கொஞ்சம் காற்று. அடித்ததும் ஃபெண்டரை மறுபடி அளக்கவும். பின்பக்கம் உயர உயரக் கம்பியின் இறுக்கம் தளர்ந்து, முன்னுக்குத் திருப்பிய எடை மீண்டும் பின்னால் போய்விடும்.

டயர் மாற்றுவதில் நல்ல பலன் உண்டு, செலவும் உண்டு. பல ஹாஃப்-டன் வண்டிகள் கார் வகை டயரோடுதான் வரும். 275/65ஆர்18 அளவில் 116 சுமைக் குறியீடுள்ள அந்த டயர் 2,756 பவுண்டு தாங்கும். லைட் டிரக்கில் போடும்போது அதை 1.10ஆல் வகுக்க வேண்டும், அதாவது சுமார் 2,505. இரண்டுக்கும் 5,010. பின் ஆக்சில் வரம்பான 4,050ஐவிட அதிகம்; ஆகவே எடை தாங்காது என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை. மாற்றுவது பக்கச்சுவரின் விறைப்புக்காக. லைட் டிரக்குக்கான எல்டி வகையில் ஈ சுமைப் பிரிவு டயர் போட்டால், டிரெய்லர் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது வண்டி ரப்பரின் மேல் நெளிவது நன்றாகவே குறையும். விலை: டயருக்குப் பத்து பவுண்டாவது கூடுதல், ஆக நாலுக்கும் 40க்கு மேல். இன்னொன்று, எல்டி டயரில் பழைய ஸ்டிக்கர் காற்றழுத்தத்தையே வைத்தால் அது பழைய டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் உங்கள் ஆக்சில் எடையைப் பார்த்து அழுத்தத்தை உயர்த்த வேண்டும். புது டயர் வாங்க மனமில்லாதவர், இருக்கும் டயரிலேயே பக்கச்சுவரில் எழுதிய உச்ச அழுத்தம் வரை பின் டயருக்குக் காற்றேற்றி ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும். பலருக்கு அதுவே போதும்.

ஷாக் அப்சார்பர் மாற்றினால் எடை ஏறாது. பாலத்து இணைப்புகளில் வண்டி தொடர்ந்து குதித்துக்கொண்டே போகும் என்றால் பில்ஸ்டைன் போன்ற விறைப்பான ஷாக் அதை அடக்கும். பின்பக்க ஸ்வே பார் 35 பவுண்டு அளவில் வரும், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும். பெயரில் ஸ்வே இருந்தாலும் டிரெய்லர் ஆட்டத்துக்கு அது மருந்து கிடையாது. லிஃப்ட் கிட், பெரிய சக்கரம், இரும்புப் பம்பர் மூன்றும் இழுவை வண்டிக்கு எதிரி. பம்பர் மட்டும் நூறு பவுண்டுக்கு மேல் தின்றுவிடும், லிஃப்ட் ரிசீவரை உயர்த்தி ஹிட்சை நீளமாகக் கீழே தொங்கவிட வைக்கும்.

ஆக்சில் விகிதத்தை 3.55இலிருந்து 3.73க்கு மாற்றுவது, கூடுதல் டிரான்ஸ்மிஷன் கூலர் போடுவது இரண்டும் ஏற்றத்தில் உதவும். பேலோடுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

எடையைத் திருப்பித் தரும் மாற்றங்கள்

பேலோடைக் கூட்ட முடியாது, டங்கிலிருந்து எடையை எடுக்க முடியும். இருப்பதில் சிறந்த மாற்றம் பேட்டரி. இரண்டு குரூப் 27 லெட்-ஆசிட் பேட்டரி சேர்ந்து 110 பவுண்டுக்கு மேல். அதே பயன் தரும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று 25 பவுண்டு அளவு. இரண்டு போட்டாலும் 60 பவுண்டு இறங்கும், அதுவும் கப்ளருக்கு ஒட்டி இருப்பதால் பெரும்பகுதி நேராக டங் எடையில் குறையும். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. டிரெய்லரில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்டர் லித்தியத்துக்கு ஏற்ற 14.4 முதல் 14.6 வோல்ட் தர வேண்டும். உறைநிலைக்குக் கீழே இந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, குளிர்ப் பிரதேசத்தில் உள்ளே வைப்பது அல்லது சூடேற்றி உள்ளதை வாங்குவது நல்லது. மூன்றாவது பலரும் யோசிக்காதது: டிரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்ச் இதே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. குறைந்த சார்ஜில் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே அணைத்துக்கொண்டால் அந்தப் பிரேக்கும் இல்லை. புறப்படும் முன் அந்தச் சுவிட்சின் பின்னை இழுத்து, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்தே கிளம்புங்கள்.

தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்டு. 40 கேலன் தொட்டி நிரம்பினால் 334. தொட்டி ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் டங் எடை ஏறும், பின்னால் இருந்தால் இறங்கும். டிரெய்லருக்கு அடியில் படுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே நிரப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

பெட்டில் இருக்கும் கனமான சாமானை டிரெய்லருக்குள், ஆக்சிலுக்கு நேர் மேலே மாற்றுவது பாதுகாப்பான வழி. டிரெய்லரின் பின் பம்பரில் ஜெனரேட்டரோ சைக்கிள் ரேக்கோ மாட்டுவது மோசமான வழி. டங் எடை குறைந்து பேலோடு மிஞ்சியதுபோல் தோன்றும். கடைசி முனையில் தொங்கும் எடை டிரெய்லர் ஒருமுறை ஆடத் தொடங்கியதும் அடங்கவிடாது. டங் எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆட்டம் வரும் வாய்ப்பு கூர்மையாக ஏறுகிறது. உதாரணச் செட்டில் லித்தியம் மாற்றிய பிறகு சுமார் 780 பவுண்டு, 12 சதவீதம். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பேலோடு இடிக்கிறதே என்று டங் எடையை 600க்குக் கொண்டுவர நினைப்பவர் ஒரு வரம்பைக் காப்பாற்ற உயிரை அடகு வைக்கிறார்.

ஆட்டம் வந்தேவிட்டால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கால் எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரைவர் பக்கத்திலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கைவிசையை அழுத்துங்கள். டிரெய்லர் பிரேக் மட்டும் பிடித்து அது பின்னாலிருந்து நேராக்கும். அந்த விசை எங்கே இருக்கிறது என்று முன்சீட்டில் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டிரெய்லர் பிரேக்

வண்டியின் எடை வரம்பு இடுக்கமாக இருக்கும்போது டிரெய்லர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது கட்டாயம். வண்டியோடு வந்த கன்ட்ரோலர் இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் வேகக் குறைவை உணர்ந்து அதற்கேற்பப் பிரேக் தரும் வகை, டெகான்ஷா பி3 போன்றது. நேரம் பார்த்துத் தரும் மலிவு வகை வேண்டாம்.

கெயின், அதாவது டிரெய்லர் பிரேக்குக்குத் தரும் பலத்தின் அளவு, அமைக்க: பிரேக் சூடான பிறகு, காய்ந்த சமதளச் சாலையில் 20 முதல் 25 மைல் வேகத்தில் கைவிசையை முழுவதும் அழுத்தவும். சக்கரம் பூட்டிச் சறுக்கினால் குறைக்கவும், இழுவை போதாவிட்டால் கூட்டவும். பூட்டுவதற்குச் சற்று முன் நிற்கும் இடமே சரி. புதுப் பிரேக் என்றால் அதற்கு முன் 40 மைலிலிருந்து 20க்கு இறங்கும்படி இருபது, முப்பது முறை டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டு லைனிங்கைப் பழக்க வேண்டும்.

கெயினை உச்சத்துக்கு ஏற்றியும் பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோலரைக் குறை சொல்லும் முன் மின்னோட்டத்தை அளக்கவும். 10 அல்லது 12 அங்குல டிரம்மில் பிரேக்கை இயக்கும் மின்காந்தம் ஒன்று சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். இரட்டை ஆக்சில் டிரெய்லரில் நாலு காந்தம், 12 ஆம்பியர். பிரேக்கின் நீல வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி முழு விசை அழுத்தும்போது 9 வந்தால் ஒரு சக்கரம் வேலை செய்யவில்லை. எல்லாமே குறைவாக வந்தால் வயர் மெலிசு அல்லது ஆக்சிலுக்குள் போகும் வயரின் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. மின்னோட்டம் சரியாக இருந்தும் பிடிப்பில்லை என்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம்: பின்பக்கத் துளை வழியே ஸ்டார் வீலைத் திருப்பி, சக்கரம் கையால் சுற்றவே கடினமாகும் வரை இறுக்கி, லேசான உரசல் மட்டும் கேட்கும் வரை பின்வாங்கவும்.

டிரெய்லர் டயரையும் பாருங்கள். எஸ்டி225/75ஆர்15 அளவில் டி பிரிவு 65 பிஎஸ்ஐயில் 2,540 பவுண்டு, ஈ பிரிவு 80 பிஎஸ்ஐயில் 2,830. அந்தக் கூடுதல் 290க்கு பேலோடில் எந்தச் செலவும் இல்லை, எடை டிரெய்லர் ஆக்சிலில்தான். ரிம்மும் வால்வும் 80 தாங்குமா என்று மட்டும் சரிபார்க்க வேண்டும். சக்கர நட்டு அரை அங்குலத் தண்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு, மூன்று கட்டமாக இறுக்கி, 10, 25, 50 மைலில் திரும்ப இறுக்கிப் பார்க்கவும்.

எதுவும் பொருந்தாதபோது

மேலே சொன்ன அத்தனையும் செய்தும் சீட்டில் பின் ஆக்சிலோ மொத்தமோ மீறினால் இரண்டே வழி: சிறிய டிரெய்லர் அல்லது பெரிய வண்டி. அடுத்த கனமான வகையான முக்கால்-டன் வண்டிக்குப் போகிறவர்கள் அங்கேயும் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். டீசல் எஞ்சினின் எடையும் 10,000 பவுண்டில் நிறுத்திய ஜிவிடபிள்யூஆரும் சேர்ந்து, உயர் வசதி மாடல்களில் பேலோடு 2,000 பவுண்டு பக்கத்திலேயே நிற்பதுண்டு. அதே வண்டி பெட்ரோல் எஞ்சினோடு பல நூறு பவுண்டு அதிகம் தரும். டங் எடை 840 உள்ளவருக்கு இரண்டும் போதும். ஐந்தாம் சக்கர டிரெய்லர் ஆசையில் போகிறவருக்கு டீசல் ஸ்டிக்கர் மறுபடி இதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும், ஏனெனில் அங்கே டிரெய்லர் எடையில் 20 சதவீதம் அளவு பெட்டின் மேலேயே உட்காரும்.

வாங்குவதற்கு முன் டீலரிடம் குறிப்பிட்ட வண்டியின் தூண் ஸ்டிக்கரைப் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒரே மாடல், ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இடையே கண்ணாடிக் கூரை, மின்சாரப் படி, பெரிய சக்கரம் என்று இருந்தால் சில நூறு பவுண்டு வித்தியாசம் வரும். அதைப் பின்னால் எந்தக் கிட்டாலும் வாங்க முடியாது.